வாய் திறக்காத தொண்டை வலி

தொண்டை வலிக்கு மாத்திரை கொடுப்பதில் நாம் காட்டுகிற அவசரத்தில் பாதியையாவது, தொண்டைக்குள் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. அஞ்சுகிராமம் போன்ற ஊரில் இதைச் சொல்ல வேண்டிய தேவை கூடுதலாகவே இருக்கிறது. மருந்துக்கடை கண்ணெதிரே இருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் வேண்டுமென்றால் மயிலாடி, வழுக்கம்பாறை, சுசீந்திரம் தாண்டி நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நகரத்தையும் கடந்து ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது. அதனால் தொண்டை வலித்ததும் கால் தானாக மருந்துக்கடைப் பக்கம் நடந்துவிடும். மூன்று ஆன்டிபயாட்டிக் மாத்திரை, கூடவே காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். வைரஸால் வந்த வலி மாத்திரை இல்லாமலும் அதே ஒரு வாரத்துக்குள் போயிருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இப்படிப் பலமுறை குணமான அனுபவம் நம்மிடம் சேர்ந்து கிடக்கிறது. அதனால்தான் மாத்திரைக்குக் கட்டுப்படாத ஒரு தொண்டை வலி வந்து நிற்கும்போது, மாத்திரையை மாற்றிப் பார்க்கிறோமே தவிர வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வலியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டான்சிலுக்கும் அதன் பின்னால் இருக்கும் தொண்டைத் தசைக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. சாதாரண டான்சில் அழற்சியில் கிருமிகளின் வேலை டான்சிலோடு நின்றுவிடும். அவை டான்சிலைச் சுற்றியிருக்கும் உறையைத் தாண்டி அந்த இடைவெளிக்குள் இறங்கிவிட்டால் முதலில் அங்கே வீக்கம் வரும், இரண்டு மூன்று நாளில் சீழ் திரளும். மருத்துவர்கள் இதை 'பெரிடான்சிலர் ஆப்சஸ்' என்கிறார்கள்; பழைய புத்தகங்களில் 'குவின்சி' என்று இருக்கும். நம் ஊர்ப் பேச்சில் 'தொண்டைக்குள்ள சலம் கெட்டியிருக்கு' என்றால் விஷயம் முடிந்தது. அந்த இடத்தின் மேல்பக்கத்தில் வெபர் சுரப்பிகள் என்று சில சிறிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அடைபட்டு அங்கிருந்தே சீழ் தொடங்கலாம் என்பது ஒரு கருத்து. டான்சில் அழற்சியே வராதவர்களுக்கும், சிறு வயதிலேயே டான்சிலை எடுத்துவிட்டவர்களுக்கும்கூட சில சமயம் இது வருவதை அந்தக் கருத்து விளக்குகிறது. அதிகம் வருவது குழந்தைகளுக்கு அல்ல, வளரிளம் பருவத்தில் தொடங்கி நாற்பது வயது வரை உள்ளவர்களுக்கு. புகைபிடிப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 30 பேருக்கு வருவதாகக் கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனாலும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரம் பேர் வாழ்கிற ஊரில் ஆண்டுக்கு மூன்று பேர். ஆயிரக்கணக்கான சாதாரணத் தொண்டை வலிகளுக்கு நடுவே அந்த மூன்று பேரைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பது நமக்குச் சாதகமான செய்தி.

சாதாரணத் தொண்டை வலி இரண்டு பக்கமும் வலிக்கும். சீழ் கட்டினால் வலி ஒரு பக்கமாக ஒதுங்கும். 'இந்தப் பக்கம்தான்' என்று நோயாளி விரல் வைத்துக் காட்டுவார். விழுங்கும்போது அதே பக்கத்துக் காதுக்குள் குத்தும். தொண்டைக்கும் நடுச்செவிக்கும் ஒரே நரம்பு, மூளையிலிருந்து வருகிற ஒன்பதாவது நரம்பு, கிளை கொடுப்பதால் வருகிற வலி அது. காதில் நோய் இல்லை. ஆனால் வீட்டில் காதுக்குள் எண்ணெய் விடுகிற வேலைதான் முதலில் நடக்கும், அதிலேயே ஒரு நாள் போய்விடும். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். குரல் மாறும்: கரகரப்பு அல்ல, வாய்க்குள் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறும். கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, வாய் திறக்காது. ஆரோக்கியமானவர் தன் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியும். டான்சிலுக்குப் பக்கவாட்டில் தாடையை அசைக்கும் தசை ஓடுகிறது. அதன் அருகில் சீழ் கோத்தால் தசை இறுகிக்கொள்ளும். மூன்று விரல் இரண்டாகும், பிறகு ஒன்றாகும். சாதாரண டான்சில் அழற்சியில் எவ்வளவு வலி இருந்தாலும் தாடை இப்படிப் பூட்டிக்கொள்வது அரிது. ஆகவே காய்ச்சலோடு ஒருபக்கத் தொண்டை வலி, அதோடு வாய் திறக்க முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே சந்தேகம் எழ வேண்டும். டார்ச் அடித்துப் பார்க்க முடிந்தால் படம் இன்னும் தெளிவு: ஒரு பக்க மெல்லண்ணம் சிவந்து புடைத்து நிற்கும், உள்நாக்கு நடுவில் தொங்காமல் எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. கடைவாயில் ஞானப்பல் முளைக்கிற இடத்தில் புண் வந்தாலும் வாய் திறக்காது. அப்போது ஈறு வீங்கியிருக்கும், உள்நாக்கு நகர்ந்திருக்காது. அம்மைக்கட்டில் வீக்கம் வெளியே, காதுக்குக் கீழே கன்னத்தில் தெரியும். தொண்டைக்குள் புடைப்பு இருக்காது. தொண்டைக்குள் சாம்பல் நிறத் தோல்போல ஏதேனும் ஒட்டியிருந்தால் அது டிப்தீரியாவாக இருக்கலாம். அதற்குத் தனி அவசரம், தனி மருந்து. 'உள்நாக்கு விழுந்திருக்கு' என்று விரலில் உப்பும் மிளகும் தொட்டு மேலே தள்ளிவிடுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. சீழ் நிறைந்து புடைத்திருக்கிற இடத்தில் விரலை விட்டு அழுத்தினால் அது உள்ளேயே உடைந்து சீழ் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். அன்பில் செய்கிற காரியம் என்றாலும் இந்த நோயில் அதைச் செய்யவே கூடாது.

மாத்திரை ஏன் போதாது? ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் கலந்துதான் கிருமியிடம் போகிறது. சீழ் என்பது இறந்த வெள்ளை அணுக்களும் கிருமிகளும் கரைந்துபோன திசுவும் சேர்ந்த திரவம். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மடை அடைத்த வயலுக்கு வெளியே வாய்க்காலில் எத்தனை தண்ணீர் ஓடினாலும் உள்ளே பயிருக்கு எட்டாத மாதிரி, சுற்றியுள்ள திசுவில் மருந்து நிறைந்தாலும் சீழ்ப்பையின் நடுவே போதிய அளவு போய்ச் சேராது. சேர்கிற கொஞ்சமும் அங்கிருக்கும் அமிலத்தன்மையில் வலு குறையும். இன்னொன்று, நாம் வாங்கிப் போடுகிற மருந்து எது என்பது. இந்தியாவில் தனியார் துறையில் 2019-ல் விற்பனையான ஆன்டிபயாட்டிக்குகளை ஆராய்ந்து 2022-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, எல்லாவற்றிலும் அதிகம் பயன்படுத்தப்பட்டது 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரை என்று சொன்னது. தினம் ஒன்றாக மூன்று நாள் போடுகிற அதே மாத்திரை. டான்சில் சீழில் ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு கூட, காற்றில்லாத இடத்தில் வளரும் ஃபியூசோபாக்டீரியம் போன்ற கிருமிகளும் இருக்கும். இளைஞர்களின் சீழில் ஃபியூசோபாக்டீரியம் அடிக்கடி கிடைக்கிறது. அசித்ரோமைசின் வகை மருந்துகளை இந்தக் கிருமி பெரும்பாலும் பொருட்படுத்தாது. 1936-ல் ஆந்த்ரே லெமியர் என்ற பிரெஞ்சு மருத்துவர், தொண்டைப் புண்ணில் தொடங்கி கழுத்து நாளத்தில் ரத்தம் உறைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் சீழ்த் துணுக்குகள் சிதறுகிற ஒரு கொடிய நோயை விவரித்தார். இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதற்கு முதன்மைக் காரணம் இதே கிருமி. ஆக, நம் கடைகளில் அதிகம் விற்கிற மாத்திரை இந்த நோயில் மிகக் குறைவாக உதவக்கூடிய மாத்திரைகளில் ஒன்று.

'அப்படியானால் தொண்டை வலி தொடங்கிய அன்றே ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டால் சீழே கட்டாதே' என்று கேட்கலாம். நியாயமாகத் தோன்றுகிற கேள்வி. பிரிட்டனில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். குடும்ப மருத்துவர்களிடம் வந்த லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு அது. தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குவின்சி குறைவது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு குவின்சியைத் தடுக்க 4,000-க்கும் மேற்பட்ட தொண்டை வலிக்காரர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்று கண்டார்கள். அந்த நாலாயிரம் பேருக்கும் வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை என்று ஏதாவது வருகிற வாய்ப்பு, ஊர் முழுக்கக் கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போகிற அபாயம் எல்லாம் தனி. தொடக்கத்தில் எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பதால் கிடைக்கும் பயன் அவ்வளவு சிறியது. சீழ் கட்டிய பிறகு மாத்திரை மட்டும் கொடுப்பதன் பயனோ அதைவிட நம்பத்தகாதது. இரண்டுக்கும் நடுவில் நாம் செய்ய வேண்டியதும் செய்யாததும் ஒன்றுதான்: யாருக்குச் சீழ் கட்டுகிறது என்று கவனித்து அவரை மட்டும் தாமதமில்லாமல் அனுப்புவது.

அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். நோயாளியை உட்கார வைத்தே செய்வார்கள். லிக்னோகெய்ன் ஸ்ப்ரே அடித்து, புடைப்பின் மேல் சிறிதளவு மரப்பு ஊசியும் போட்டு, சற்றுத் தடித்த ஊசியை சிரிஞ்சில் பொருத்தி, மெல்லண்ணம் அதிகம் புடைத்திருக்கிற இடத்தில் குத்தி இழுப்பார்கள். சில மில்லிலிட்டர் சீழ் வரும். நாற்றம் கடுமையாக இருக்கும். முதல் இடத்தில் வராவிட்டால் சற்றுக் கீழே இன்னொரு முறை பார்ப்பார்கள். இந்த நோயில் நோயறிதலும் சிகிச்சையும் ஒரே ஊசியில் நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம். சீழ் வந்தால் நோய் உறுதி, அதே நொடியில் சிகிச்சையும் பாதி முடிந்தது. வராவிட்டால் இன்னும் வீக்க நிலையில்தான் இருக்கிறது என்று பொருள் கொண்டு, நரம்பு வழியாக மருந்து ஏற்றி ஓரிரு நாள் கவனிப்பார்கள். உள்ளிருந்த அழுத்தம் இறங்கியதும் வலி சட்டென்று தணியும். இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காதவர் அன்றைக்கே குடிக்கத் தொடங்குவார். ஊசிக்குப் பதில் சிறு கத்தியால் கீறி, இடுக்கி விட்டு அகலப்படுத்திச் சீழை வடிப்பது இன்னொரு முறை. எது மேல் என்று கேட்டால், 2016-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: கீறி வடித்தால் மறுபடி சீழ் சேர்வது குறைவாக இருக்கலாம், ஊசியில் வலி குறைவாக இருக்கலாம், ஆனால் சான்றுகளின் தரம் வலுவானதல்ல என்பதே அதன் முடிவு. எந்த முறை கைப்பழக்கமோ அதை அந்த மருத்துவர் செய்யட்டும். சீழ் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

தொண்டை அடைபட்டால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பிலேயே கண்ட ஒரு மருத்துவர் நம் மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருக்கிறார். நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹோவார்ட் சோமர்வெல். 1924 ஜூன் 4-ம் தேதி எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை போய்த் திரும்பி இறங்கும்போது, உறைபனிக் காற்றில் வெந்துபோன அவருடைய தொண்டையின் உட்சவ்வு பிய்ந்து மூச்சை அடைத்துக்கொண்டது. முன்னே போய்க்கொண்டிருந்த சக மலையேறி நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி உந்தியதில் அந்தச் சவ்வு ரத்தத்தோடு வாய்க்கு வந்தது, மூச்சும் வந்தது. அவருக்கு வந்தது சீழ்க்கட்டி அல்ல, வேறு சங்கதி. தொண்டை என்பது எவ்வளவு குறுகலான வழி, அங்கே அடைப்பு விழுந்தால் நேரம் எவ்வளவு சுருங்கிவிடும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மறுபக்கக் கதை ஜார்ஜ் வாஷிங்டனுடையது. 1799 டிசம்பரில் மழையிலும் பனியிலும் குதிரையில் சுற்றி வந்த மறுநாள் அவருக்குத் தொண்டை வலித்தது. அடுத்த நாள், 14-ம் தேதி இரவு, இறந்துபோனார். வந்த மூன்று மருத்துவர்கள் குவின்சி என்ற சந்தேகத்தோடு தொடங்கினார்கள்; இன்று பெரும்பாலோர் மூச்சுக்குழாய் மூடியின் அழற்சி என்று கருதுகிறார்கள். அன்று அவர்கள் செய்தது அடுத்தடுத்து நான்கு முறை ரத்தம் இறக்கியது. இரண்டு லிட்டருக்கும் மேல். மூவரில் இளையவரான எலைஷா டிக் மட்டும் மூச்சுக்குழாயைத் திறக்கலாம் என்றார். மற்ற இருவரும் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. திறக்க வேண்டிய நோயில் திறக்காமல் வேறு எதையெதையோ மும்முரமாகச் செய்வது மட்டும் இரண்டு நூற்றாண்டு கழித்தும் நம்மிடம் நீடிக்கிறது.

இனி என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றைச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், சீழை எடுக்காமல் மருந்தால் மட்டுமே சிகிச்சை பெற்றவர்களும் சீழ் வடிக்கப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு வலியும் விடுப்பு எடுத்த நாட்களும் குறைவு. இதைக் காட்டி 'மாத்திரையே போதுமே' என்று யாராவது சொன்னால், அந்த 'மருந்து மட்டும்' என்பதற்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். நரம்பு வழியாகத் திரவம், நரம்பு வழியாகச் செஃப்ட்ரியாக்சோன், கிளிண்டாமைசின், டெக்ஸாமெத்தசோன், அதன்பின் பத்து நாள் மாத்திரை, இடையில் மருத்துவரின் கண்காணிப்பு. மூச்சுத் திணறல் வந்தால் உடனே கை வைக்கத் தயாராக இருக்கிற இடத்தில் அது நடந்தது. மருந்தா கீறலா என்பதும் குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. வீக்கம் குறைவானவர்கள் மருந்துப் பக்கம் அதிகம் போயிருக்க வாய்ப்புண்டு. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன்; சிறிய சீழ்க்கட்டிக்கு, வாய் ஓரளவு திறக்கிறவருக்கு, மருத்துவமனை மேற்பார்வையில் மருந்தை முதலில் முயல்வது நியாயமான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் தொண்டையைப் பார்த்த மருத்துவர். கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, வாயைப் பார்க்காமலே மூன்று மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பதற்கு அந்த ஆய்வு எந்த வகையிலும் சாட்சி சொல்லாது.

டெக்ஸாமெத்தசோன் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீழை எடுத்து, சரியான ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கிய பிறகு ஒரு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலியும் தாடை இறுக்கமும் சீக்கிரம் குறையும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் நோயே என்னவென்று தெரியாமல் வலிக்காக முதலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது வேறு. ஒரு நாள் சுகமாக இருக்கும். உள்ளே சீழ் அதன் வேலையைத் தொடரும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு டான்சில் பக்கத்துச் சீழ் அங்கேயே நிற்பதில்லை. கழுத்தின் ஆழமான இடைவெளிகளில் பரவி, மோசமானால் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்கும். வீட்டில் சர்க்கரை உள்ளவர் 'வாய் திறக்க முடியல' என்று சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த தயக்கம், 'கழுத்துப் பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் ஊசி விடுவார்களாமே' என்பது. இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற உள் கழுத்துத் தமனி, டான்சிலுக்குப் பின்னால் வெளிப்பக்கமாக ஏறத்தாழ இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் ஓடுகிறது. அதனால்தான் ஊசியின் முனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகாதபடி ஊசிமூடியின் நுனியை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்வார்கள்; அல்லது கத்தியின் நுனி மட்டும் தெரியும்படி பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார்கள். பக்கவாட்டில் சாய்க்காமல் நேர் பின்னோக்கிக் குத்துவார்கள். எளிமையான இந்தப் பாதுகாப்பு பல காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. பயத்தை வைத்து எடை போட்டால், சீழை அப்படியே விட்டால் அதுவே நாளடைவில் அந்தத் தமனியை அரிக்கக் கூடும் என்பதையும் தட்டின் மறுபக்கம் வைக்க வேண்டும். 'ஸ்கேன் எடுக்காமல் குத்தலாமா?' என்று கேட்பவர்களும் உண்டு. பெரியவருக்கு, வாய் ஓரளவு திறந்து புடைப்பு கண்ணுக்குத் தெரிந்தால், ஸ்கேன் தேவைப்படுவதில்லை, ஊசியே சோதனை. அல்ட்ராசவுண்ட் இருந்தால் வசதி. வாயே திறக்கவில்லை, கழுத்து வெளியிலும் வீங்கியிருக்கிறது, தலையைத் திருப்ப முடியவில்லை, குத்தியும் சீழ் வரவில்லை, நோயாளி சின்னக் குழந்தை என்ற நிலைகளில்தான் சாயம் ஏற்றிய சிடி ஸ்கேன் அவசியமாகிறது.

தூரமும் கூலியும் மூன்றாவது தயக்கம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் மாறி ஆசாரிபள்ளம் வரை போக வேண்டும், கூட ஒரு ஆளும் வர வேண்டும். இந்தக் கணக்கை யாரும் அலட்சியமாகப் பேசக் கூடாது. ஆனால் நான் எல்லாத் தொண்டை வலிக்கும் ஆசாரிபள்ளம் போகச் சொல்லவில்லை. நேர்மாறாக, பெரும்பாலானவர்கள் எங்கேயும் போக வேண்டாம், உப்புநீர் கொப்பளித்து, பாராசிட்டமால் போட்டு, வெந்நீர் குடித்து வீட்டில் இருக்கலாம் என்கிறேன். இரண்டு மூன்று முறை மருந்துக்கடை, ஒரு முறை பல் மருத்துவர், ஒரு முறை காதுக்கு என்று அலைந்து ஐந்தாம் நாள் போவதைவிட, வாய் பூட்டிய முதல் நாளே ஒரு முறை போவதில் கூலியும் குறைவாகத்தான் போகும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டார்ச்சும் நாக்கை அழுத்தும் கட்டையும் இருந்தால் சந்தேகத்தை அங்கேயே உறுதி செய்துகொள்ளலாம், முதல் ஊசி மருந்தையும் குளுக்கோஸையும் அங்கேயே தொடங்கலாம். எச்சில் விழுங்க முடியாமல் முன்னால் குனிந்து உட்காருகிறார், மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது, கழுத்து வீங்கிவிட்டது என்றால் பஸ் கணக்கே வேண்டாம். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிற 108 வண்டி இதற்காகத்தான். அப்படிப்பட்டவரைப் படுக்க வைக்காதீர்கள், உட்கார வைத்தே கொண்டுபோங்கள்.

நம் மண்ணின் மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் கத்தியையும் ஊசியையும் ஆங்கில மருத்துவத்தின் அவசரம் என்று நினைப்பதுண்டு. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற மாவட்டம் இது. அந்த நம்பிக்கைக்கு வேர் இருக்கிறது. அந்த வேரையே பார்ப்போம். சித்த மருத்துவம் சொல்கிற 32 வகைப் புற மருத்துவங்களில் கட்டு, பற்று, ஒற்றடம் ஆகியவற்றோடு கீறலும் அறுவையும் இடம்பெறுகின்றன. பழுத்த கட்டியைக் கீறி வடிக்க வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்த விஷயம். முதுகில் வந்தால் நாமே கீறச் சொல்கிறோம். தொண்டைக்குள் வந்தது கண்ணுக்குத் தெரியாததால் மட்டும் அதைக் குடிக்கிற மருந்தில் கரைக்கப் பார்க்கிறோம்.

மருந்துக்கடைக்காரர்களைக் குற்றவாளியாக்குவது என் நோக்கம் அல்ல. ஊரில் நோயாளியை முதலில் பார்ப்பவர் பல நேரம் அவர்தான். அந்த இடத்தில் அவர் செய்யக்கூடிய நன்மை பெரிது. சட்டம் தெளிவாக இருக்கிறது: ஆன்டிபயாட்டிக்குகள் மருத்துவர் சீட்டில் மட்டுமே கொடுக்க வேண்டியவை, அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடே போட்டிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அமிர்த்' என்ற பெயரில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கிற கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யத் தொடங்கினார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அதே கண்டிப்பு வர வேண்டும் என்று விரும்புகிறேன். 'கண்டிப்பு வந்தால் ஏழைக்கு மருந்தே கிடைக்காமல் போகுமே' என்ற மறுப்பு உண்மையானது. அதனால் கண்டிப்போடு கூடவே சுகாதார நிலையங்களில் மாலை நேரத்தில் ஒரு மருத்துவர் இருப்பதும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று அநியாயம். அதுவரைக்கும், 'அண்ணே, தொண்டை வலிக்கி, மாத்திர குடுங்க' என்று வருகிறவரிடம் கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'வாய நல்லாத் தொறக்க முடியுதா?' முடியவில்லை என்றால் மாத்திரை கொடுக்காமல், இன்றே தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பட்டும். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

சீழ் எடுத்தபின் வேலை முடிந்துவிடவில்லை. பத்திலிருந்து பதினான்கு நாள் ஆன்டிபயாட்டிக் தொடர வேண்டும்; அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்தது, அல்லது பெனிசிலினோடு மெட்ரோனிடசோல், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு கிளிண்டாமைசின் என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இரண்டாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்தினால் பை மறுபடி நிறையும். சுமார் பத்துப் பேரில் ஒருவருக்குப் பிற்காலத்திலும் திரும்ப வரும். முன்பே அடிக்கடி டான்சில் அழற்சி வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்களுக்கு ஆறு வாரம் கழித்து டான்சிலை எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். ஒரே முறை வந்து போன எல்லாருக்கும் அது தேவையில்லை. நாற்பது வயது தாண்டியவர், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், பீடி குடிக்கிறவர் என்றால் சீழ் வடிந்து இரண்டு மூன்று வாரம் ஆனபிறகு கட்டாயம் ஒரு முறை திரும்பப் போய்த் தொண்டையைக் காட்ட வேண்டும். டான்சிலில் வளர்கிற புற்றுநோய் சில சமயம் சீழ்க்கட்டி வேடத்தில்தான் முதலில் தலைகாட்டும்; வீக்கம் வற்றிய பிறகும் ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகவோ கெட்டியாகவோ இருந்தால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.